நாற்பத்தேழாம் குப்பி

ட்ரோம்ஸோவில் நவம்பர் இருபத்தெட்டு.
இனி ஜனவரி நடுவரை சூரியன் விடுப்பில்.
காலை எட்டு மணியும் இரவு எட்டு மணியும்
ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருகின்றன.

ஃப்ரீசரைத் திறக்கிறேன். மைனஸ் எண்பது.
நூற்றுப் பன்னிரண்டு தாய்மார்
விரல் நீளக் குப்பிகளில் உறைந்திருக்கிறார்கள்.
பெயர் கிடையாது. எண் உண்டு,
பிள்ளைக்கு எத்தனை வாரம் என்பது உண்டு.

உருகவிட்டு, சுழலியில் வைத்துச் சுற்றினால்
பால் தானே பிரிந்து நிற்கும்:
மேலே கொழுப்பு, மெழுகுத் தொப்பிபோல்.
அடியில், உயிரோடு வந்து உறைவில் மாண்ட
அணுக்களின் சிறு பொட்டு.
நடுவில் அரிசி கழுவிய தண்ணீர்.
எனக்கு வேண்டியது அதுதான்.

வெளுத்ததெல்லாம் பாலென்று நம்புகிறவள் அல்ல நான்;
எனக்குச் செய்தி மஞ்சள்.
தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்,
குழிதோறும் ஏதோ ஒரு கிருமியின் துண்டு.
முன்பின் அதைச் சந்தித்த எதிர்ப்பொருள்
பாலில் இருந்தால் வந்து பற்றிக்கொள்ளும்.
பற்றிய குழி மஞ்சளாகும்.

இந்தத் தீவின் பால் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான்.
ஒரே பேருந்து, ஒரே சளி,
ஒரே மழலையர் பள்ளியின் வயிற்றுப்போக்கு.
கடைசி வரிசையில் காலராவும் சீதபேதியும் வைத்தோம்.
இங்கே எவரும் பற்றமாட்டார்கள்,
வெறுமை எப்படி இருக்கும் என்று காட்டட்டும் என்று.

நாற்பத்தேழு பற்றியது.

"கை தவறியிருக்கும்" என்றார் எல்ட்பியோர்க்.
மறுபடி செய்தேன். மஞ்சள்.
புதுத் தட்டில், புது முனையில், மூச்சைப் பிடித்துச் செய்தேன்.
முற்றிய எலுமிச்சைபோல் மஞ்சள்.

கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன்.
முன்பு வந்த நோய்கள்: இல்லை.
வெளிநாட்டில் வசித்தது: காலி.

செவ்வாய்தோறும் பாலத்தின் மேல் நடந்து வருவாள்
லெத்தெபிர்ஹான். ஹோட்டலில் துணி வெளுக்கும் வேலை.
சோப்பு அரித்த விரல்களால்
குளிர்ப்பையின் ஜிப்பைத் திறக்கத் தெரியாமல் சிரிப்பாள்.
ஒருநாள் காத்திருக்கையில் சொன்னாள்:
கஸ்ஸலாவுக்கு அருகே முகாமில்
எத்தனை மாதம் இருந்தாய் என்று
மூன்று முறை கேட்டார்களாம்.
மூன்று முறையும் வேறு வேறு எண் சொன்னாளாம்.
அப்போது அவளுக்கு ஆறு வயது.
"நிரூபிக்கப்படவில்லை" என்று எழுதிவிட்டார்கள்.

நாற்பத்தேழு அவளா?
எண்ணுக்குப் பெயர் சொல்லும் ஏடு
வேறு கட்டடத்தில், பூட்டிய அலமாரியில் இருக்கிறது.
சாவி எல்ட்பியோர்க்கிடம். நான் கேட்கவில்லை.
பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பது
என்னைத்தானோ என்று
கையுறையைக் கழற்றியபடி நின்றேன் கொஞ்ச நேரம்.

கேட்டிருந்தாலும் என்ன?
மஞ்சளுக்கு முகாமின் பெயர் தெரியாது.
வருடம் தெரியாது, வாசல் தெரியாது.
என்றோ ஒரு கலங்கிய தண்ணீர்
ஒரு குடலைத் தொட்டது,
குடல் மார்புக்குச் சொல்லி அனுப்பியது.
அவ்வளவுதான். எந்த அதிகாரியும்
இதில் முத்திரை குத்தமாட்டார்.

எங்கோ ஒரு மாடிக் குடியிருப்பில்
பனி உருகி வந்த குழாய்த் தண்ணீரின் ஊரில்,
இரவில் மூன்று முறை விழித்து
யாரோ ஒரு குழந்தை குடிக்கிறது.
இத்தீவில் கால் வைக்காத பகைக்கு எதிராக
அதன் தொண்டையில் ஆள் நிறுத்துகிறாள் ஒருத்தி,
தூக்கத்தில், விளக்குப் போடாமல்.

மீதி பாலைக் கழிவில் ஊற்றும் நேரம்.
கால் மில்லி இருக்கும். திரும்ப மூடி வைத்தேன்.
விதிப்படி அது தவறு.

அடுத்த ஆண்டுக் கேள்வித்தாளில்
ஏழாவது கேள்வியை அடித்துவிட்டு எழுதினேன்:
"இதுவரை எந்தெந்த ஊர்த் தண்ணீர் குடித்திருக்கிறீர்கள்?"

எல்ட்பியோர்க் சிவப்புப் பேனாவை எடுத்தார்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
அடிக்கவில்லை.